குழந்தையின் சர்க்கரை வியாதியும் "கர்மபலன்" புரட்டும்

நமது நாட்டில் ஒரு குழந்தைக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னவுடன் அவ்வீட்டு வாசலுக்கு முதலில் வந்து சேருகிறவர்கள் யார் என்று பார்த்தால், ஜாதகம் பார்ப்பவன், தாயத்துக் கட்டுபவன், "ஊசியே வேண்டாம், எங்கள் சூரணம் போதும்" என்கின்ற வியாபாரி, ஜெபத்தால் சொஸ்தமாக்குகின்றேன் என்பவன் ஆகிய கூட்டத்தாரேயாவார்கள். இவர்களுக்குள் மதம் வேறு, வேஷம் வேறு. சொல்லுவது மாத்திரம் ஒன்றே. அதாவது, "இது போன ஜென்மத்துப் பாவம், அல்லது ஆண்டவன் சோதனை, பரிகாரம் எங்களிடம் இருக்கின்றது" என்பதேயாகும். இந்தப் புரட்டினால் பணம் மாத்திரம் போவதானால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. குழந்தையின் உயிர் போகின்றதே என்றுதான் எழுதுகின்றோம்.

வியாதியின் சங்கதிதான் என்ன? இரைப்பைக்குப் பின்புறம் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கின்றது. அதிலுள்ள சில உயிரணுக்கள் இன்சுலின் என்பதைச் சுரக்கின்றன. உண்ட சோற்றிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையை உடம்பு உபயோகித்துக்கொள்ள இந்த இன்சுலின் வேண்டும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவதான முதல் வகைச் சர்க்கரை வியாதியில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல் சக்தியே தவறிப்போய் அந்த உயிரணுக்களை அழித்துவிடுகின்றது. இது மிட்டாய் தின்றதால் வந்ததல்ல, கிரகணத்தால் வந்ததல்ல, தாயின் குற்றமுமல்ல. உள்ளே சுரப்பு நின்றுவிட்டால் வெளியிலிருந்து ஊசியாகக் கொடுக்க வேண்டும். இதில் பாவம் எங்கே இருக்கின்றது? புண்ணியம் எங்கே இருக்கின்றது?

1922-ஆம் வருஷத்துக்கு முன் இவ்வியாதி வந்த குழந்தைகள் அநேகமாக ஒன்றிரண்டு வருஷத்துக்குள் மெலிந்து செத்துப்போனார்கள். பட்டினி போட்டுச் சாவைச் சிறிது தள்ளி வைப்பதைத் தவிர வைத்தியர்களுக்கும் வேறு வழி தெரியாது. அக்காலத்தில் கோயில் இல்லையா? மாதாகோயில் இல்லையா? பள்ளிவாசல் இல்லையா? வேண்டுதலுக்குத்தான் குறைவா? இவ்வளவு இருந்தும் காப்பாற்றியது எது? கானடா தேசத்து டொரொண்டோ நகரத்தில் பாண்டிங், பெஸ்ட் முதலியவர்கள் 1921-இல் நாய்களை வைத்துச் சோதித்துக் கண்டுபிடித்த மருந்தல்லவா? 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு அதை முதன்முதல் ஊசியாகப் போட்டார்கள். முதல் மருந்து சரியாக வேலை செய்யவில்லை. உடனே "எல்லாம் விதி" என்று அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை, மருந்தைச் சுத்தப்படுத்தி அதே மாதத்தில் மறுபடியும் போட்டார்கள், பையன் தேறினான். அதன் உரிமையையோ தலைக்கு ஒரு டாலருக்குச் சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். நமது பரிகாரக்காரர்களின் கட்டண விகிதத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக் கொள்ளுகின்றோம்.

இப்பைத்தியம் நமது நாட்டுக்கு மாத்திரம் சொந்தமுமல்ல. ஆஸ்திரேலியாவில் துவூம்பா என்னும் ஊரில், முன்பு ஆஸ்பத்திரியில் இன்சுலினால் பிழைத்தெழுந்த 8 வயதுச் சிறுமிக்கு, கர்த்தர் குணமாக்குவார் என்று சொல்லி ஒரு ஜெபக் கூட்டத்தார் மருந்தை நிறுத்திவிட்டார்கள். சுற்றி நின்று பாடினார்கள், ஜெபித்தார்கள். 2022 ஜனவரியில் குழந்தை இறந்தது. இறந்த பின்னும் எழுந்திருப்பாள் என்று காத்திருந்தார்களாம்! 2025-இல் பெற்றோர் உள்பட 14 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. இந்தப் பெற்றோர் குழந்தையை வெறுத்தவர்களல்ல. அன்பு இருந்தது, அறிவைத்தான் அடகு வைத்துவிட்டார்கள்.

"ஊசி போட்டால் அதுவே பழக்கமாகிவிடுமே" என்று சிலர் கேட்கின்றார்கள். சோறும் தண்ணீரும் பழக்கமாகிவிட்டன என்று யாராவது அவற்றை நிறுத்துகின்றார்களா?

ஆகவே செய்ய வேண்டியது என்ன? அளந்து பார்ப்பதுதான். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் சிறு கருவி சில வினாடியில் கணக்குச் சொல்லிவிடும். தோலில் ஒட்டிக்கொண்டு இரவும் பகலும் கணக்குக் காட்டும் கருவியும் வந்திருக்கின்றது. பொதுவாக 70-க்கும் 180-க்கும் இடையில் இருப்பது நலம். 70-க்குக் கீழே போனால் குழந்தைக்கு நடுக்கமும் வியர்வையும் காணும், பேச்சுக் குழறும். உடனே, பெரிய பிள்ளையானால் சுமார் 15 கிராம், சிறு குழந்தையானால் டாக்டர் சொன்ன குறைந்த அளவு, சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து 15 நிமிஷம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் யாதொன்றும் ஊற்றக் கூடாது. "தீர்த்தம்" ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கிக் கொல்லும். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சர்க்கரை மிகுதியாகி, வாந்தியும் வயிற்று வலியும் கண்டு, மூச்சு ஆழமாக வாங்கினால் அது பேயுமல்ல, பிசாசுமல்ல. இன்சுலின் போதாமல் இரத்தத்தில் அமிலம் சேருகின்றது என்று அர்த்தம். அப்போது வேப்பிலை தேடுகிறவன் குழந்தையைச் சுடுகாட்டுக்கு அனுப்புகின்றான். காய்ச்சல் வந்து சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை முற்றிலும் நிறுத்தக் கூடாது. அளவை டாக்டரிடம் கேட்க வேண்டும். விரதம் என்று இக்குழந்தைகளைப் பட்டினி போடுவது பக்தியல்ல, கொடுமையாகும்.

நிற்க, பெண் குழந்தையானால் மற்றொரு அநியாயமும் சேருகின்றது. "வெளியில் தெரிந்தால் எவன் கட்டிக்கொள்ளுவான்?" என்று ஊசியை ஒளித்து வைக்கின்றார்கள். கண்ணாடி போடுவதை ஒளிப்பதுண்டா? கல்யாணச் சந்தையின் விலைக்காகப் பெண்ணின் உயிரைப் பணயம் வைக்கும் சமூகத்துக்கு மானம் என்று ஒன்று உண்டா? அளவாக மருந்து எடுத்துக்கொள்ளும் பெண் படிக்கலாம், உழைக்கலாம், பிள்ளை பெறலாம்.

பள்ளிக்கூடத்தாரும் கேட்க வேண்டும். வகுப்பு நடுவில் சிறிது தின்னவும், ஊசி போடவும், வெளியே போகவும் இக்குழந்தைக்குத் தடை இருக்கக் கூடாது. சர்க்காரும் இன்சுலினோடு சோதனைப் பட்டையையும் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகத் தவறாமல் கொடுக்க வேண்டும். அளக்க வழியில்லாமல் மருந்து கொடுப்பது கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொல்லுவதேயாகும்.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு ஒன்று. தன் விரலைத் தானே குத்திப் பார்த்து, கணக்கை எழுதி, தன் மருந்தைத் தானே போட்டுக்கொள்ளக் கொஞ்சங் கொஞ்சமாகப் பழகும் குழந்தைதான் உண்மையான சுயமரியாதைக்காரன். அதன் கையில் தாயத்தைக் கட்டாதீர்கள், கருவியைக் கொடுங்கள்.