ஜெயித்த பிறகா ஸ்பான்ஸர்?

கிரிக்கெட் பழக ஒரு மட்டையும் தெருவும் போதும். கார் பந்தயத்திலோ டயர், எஞ்சின், மெக்கானிக் சம்பளம் என்று பழகுவதற்கே பணம் கொட்ட வேண்டும். கோவை நரேன் கார்த்திகேயனின் தந்தை ராலி வீரர்; அதனால் தொடக்கம் கூடிவந்தது. 1996-ல் ஃபார்முலா ஆசியா பட்டத்தை வென்ற முதல் இந்தியரானார். அப்படிப்பட்டவருக்கே, 2004-ல் மினார்டி அணியில் கிடைக்கவிருந்த ஃபார்முலா 1 வாய்ப்பு, ஸ்பான்ஸர் பணம் திரளாததால் கைநழுவியது. மறு ஆண்டு டாடா துணை நிற்க, ஜோர்டான் அணியில் இடம் பிடித்தார்.

தந்தை ராலி வீரராக இல்லாத பையன் எங்கே போவான்? நம் அன்பர்களில் சிலர் கம்பெனி விளம்பரப் பிரிவில் இருக்கிறார்கள். ஃபைலும் கையுமாக வருகிறவனை, "ஜெயித்துவிட்டு வா, தம்பி" என்று திருப்பி அனுப்பாமல், ஒரு செட் டயருக்காவது கையெழுத்துப் போடலாமே!