எந்தப் பேரை எழுத, டீச்சர்?

உறுதிப்பூசுதல் கொடுக்கப் பேராயர் வரும் தேதி முடிவாகிவிட்டால் எங்கள் பங்குக்கு ஒரு பரபரப்பு வந்துவிடும். பந்தல்காரருக்குச் சொல்லியாக வேண்டும். பாடகர் குழு புதுப் பாட்டுக்கு அடம்பிடிக்கும். மதுரையல்லவா, ஃப்ளெக்ஸ் அடிக்கவும் ஆள் கிளம்பிவிடும். போன முறை ஒரு பையன் கோட்டு சூட்டோடு நிற்கும் படம், கீழே ‘உறுதிப்பூசுதல் பெறும் எங்கள் சிங்கமே’ என்று எழுத்து. தாய்மாமன்கள் அத்தனை பேர் முகமும் இருந்தது. தூய ஆவியாருக்குத்தான் இடம் போதவில்லை.

ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் அந்தச் சிங்கங்களை மாடிக் கூடத்தில் உட்காரவைத்து மறைக்கல்வி நடத்துவது என் வேலை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் உடம்பு இங்கே இருக்கும், மனசு டியூஷனில் இருக்கும். ஆவியாரின் கொடைகள் ஏழு என்றால் ஞானத்தில் தொடங்கி இறையச்சம் வரை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். அறிவுரைத் திறன் என்றால் என்ன என்று கேட்டால், “அட்வைஸ் பண்றது டீச்சர்” என்று பதில் வரும். தினமும் அதை வாங்கிக்கொள்கிறவனின் சலிப்பு அந்தக் குரலில் இருக்கும்.

மனப்பாடத்தை நான் பழிக்க மாட்டேன். 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்துக்கு மறு ஆண்டே அண்டிரிக் அடிகளார் கொச்சியில் அச்சிட்ட கிரிசித்தியானி வணக்கம், கேள்வியும் பதிலுமாக அமைந்த மறைக்கல்வி நூல்தான். இயேசு சபைத் துறவி நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்த காலத்திலும் அதற்குப் பின்னும், சாமியார் எப்போதாவது எட்டிப்பார்க்கிற ஊர்களில் உபதேசியார் வாயால் சொல்ல, எழுத்தறியாத சனம் காதால் வாங்கி நெஞ்சில் இருத்தித்தான் மதுரை மிஷன் பிழைத்தது.

என் மாமியார் தலைமுறைக்கு உறுதிப்பூசுதல் என்றால் கன்னத்தில் விழுந்த அடிதான் நினைவு. எண்ணெய் பூசியபின் ஆயர் கன்னத்தில் லேசாகத் தட்டுவது அப்போது சடங்கில் ஒரு பகுதி. கிறிஸ்துவுக்காக எதையும் தாங்கத் தயாராயிரு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். 1971-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கைத் திருத்தியபோது அது போய்விட்டது. “பளார்னு விட்டாரு பாரு” என்று மாமியார் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம்.

இந்த முறை விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தபோது ஒரு பையன் பேனாவைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தான். “எந்தப் பேரை எழுத, டீச்சர்? ஸ்கூல் பேரா, கோயில் பேரா?”

கூடத்தில் பாதிப் பேருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. மீதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் முருகன் பெயர், கோயிலில் புனிதர் பெயர் என்று இரண்டு பெயரோடு வளரும் பிள்ளைகள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் உண்டு. 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களைத் தவிர வேறு மதத்தவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை திறக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற தலித் குடும்பம் தமிழ்நாட்டில் பி.சி. ஆகிவிடுகிறது. எஸ்.சி.க்கு 18 சதவீதம், பி.சி.க்கு 26.5 என்று கணக்கு பார்த்து, கூடத்தானே கிடைக்கிறது என்று சிலர் கேட்பார்கள். அந்த வரிசையில் தலித் பிள்ளைக்கு முன்னால் நிற்பவர்கள் யார் என்று அவர்கள் பார்ப்பதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவலும் போய்விடும். சேரியில் வீடு மட்டும் அங்கேயேதான் இருக்கும்.

நாங்கள் நடத்தும் பாடத்தின் சாரமே, உறுதிப்பூசுதல் பெற்றவன் சாட்சி என்பதுதான். எந்த வயதில் நடத்துகிறோம்? பள்ளிக்கூடம் சாதிச் சான்றிதழ் கேட்கிற வயதில். ‘கோயில்ல சொன்னதை ஸ்கூல்ல சொல்லாத’ என்று வீட்டில் கற்றுக்கொடுத்து அனுப்பும் பிள்ளையிடம், ஊரறியச் சாட்சி சொல் என்கிறோம். பெரிய வாரத்தில் பேராயர் மந்திரிக்கும் அதே தைலம்தான் எல்லா நெற்றிக்கும். அதற்குக் கொடுக்கும் விலைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. என் குடும்பம் பரம்பரை பி.சி. ஞானஸ்நானம் எங்களிடமிருந்து ஒரு காகிதத்தையும் பறிக்கவில்லை. விசுவாசத்தில் உறுதியாயிரு என்று அந்தப் பையனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேவசகாயம் கதையைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். நட்டாலத்து நீலகண்டன், அரண்மனை உத்தியோகத்தர், 1745-இல் ஞானஸ்நானம் பெற்று, சங்கிலியில் பூட்டப்பட்டு, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டவர். 2022 மே 15-இல் புனிதரானார். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவர் முப்பது வயது தாண்டி, யோசித்து, தானே எடுத்த முடிவு அது. பத்தாம் வகுப்புப் பையன் தலையில் அந்தச் சங்கிலியைத் தூக்கி வைப்பது மறைக்கல்வி ஆகாது.

“ஞானஸ்நானப் பதிவேட்டில இருக்கிற பேரை எழுதுப்பா. உறுதிப்பூசுதலையும் அதுலதான் குறிப்பாங்க” என்றேன்.

“அது வெளிய யாருக்கும் போகாதுல்ல?”

போகாது என்று சொல்ல முடியவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் எஸ்.சி. சான்றிதழ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, அவர் குழந்தையாக இருக்கையில் பெற்ற ஞானஸ்நானமும் எடைபோடப்பட்டது. சான்றிதழ் அவருக்குக் கிடைக்கவில்லை.

இதற்காகப் பெற்றோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு 1950 ஆணையைப் பற்றிப் பேசினோம். ஆகஸ்ட் 10 வந்தால் கோயிலில் கறுப்புக் கொடி ஏற்றுகிறோம். அது எதற்கு என்று பிள்ளைகளில் பலருக்குத் தெரியவில்லை. ஓர் அப்பா கடைசி வரிசையிலிருந்து எழுந்தார். “சர்க்கார் ஆணையெல்லாம் சரிதான், டீச்சர். நம்ம கல்லறையில நடுவுல சுவர் இருக்கிற ஊரு இன்னும் இருக்கே, அதுக்கு எந்த ஆணை? இதையெல்லாம் எம்பையன்கிட்டக் கேக்காதீங்க. வர்ற பேராயர்கிட்டக் கேளுங்க.”

வழக்கமாக மறையுரையின்போது ஆயர்தான் பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார், கொடைகள் எத்தனை, கனிகள் எத்தனை என்று. இந்தத் தடவை பூசைக்கு முன்னால் அரை மணி நேரம் பிள்ளைகள் அவரிடம் கேட்கட்டும், கேள்விகளை முன்கூட்டி யாரும் திருத்த வேண்டாம் என்று பங்குச்சாமியிடம் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.