நாலு வேஷம் ஒருவருக்கு! நாலு பேர் கூலி யாருக்கு?

தோழர்களே!

பழனி மலையில், கொடைக்கானலுக்குப் பக்கத்தில் ஒரு குகை இருக்கிறது. 'பிசாசின் சமையலறை' என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்த குகை. 1991-ல் வந்த 'குணா' படத்தை அங்கே எடுத்தார்கள். அதிலிருந்து அது 'குணா குகை' ஆகிவிட்டது.

நாம் கேட்கிறோம்: காமிராவும் விளக்கும் கால் முளைத்து அந்தப் பள்ளத்தில் இறங்கினவா? தோளிலும் தலையிலும் சுமந்து இறக்கியவர்கள் தொழிலாளர்கள். அவர்கள் பெயரில் அங்கே ஒரு பாறைகூட இல்லை!

இந்த மலைக்கு இது புதிதல்ல. மோட்டார் ரோடு வருமுன், பெரியகுளம் பக்கமிருந்து துரைமார்களை டோலியில் வைத்து மலையேற்றியவர்கள் கூலிகள். பிறகு ரோடு வந்தது. அதற்கு வைத்த பெயர் லா துரையின் பெயர். பாறை உடைத்தவனின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

சினிமாவிலும் இதே கதைதான். 'குணா'வில் நடித்த கமல்ஹாசன், அதற்கு முந்திய ஆண்டில், 1990-ல், 'மைக்கேல் மதன காமராஜன்' என்ற சிரிப்புப் படத்தில் நாலு வேஷம் போட்டார். ஒரே அச்சில் வார்த்தது போல நாலு பேர். சிங்கீதம் சீனிவாசராவ் டைரக்ட் செய்தார். கிரேஸி மோகன் வசனம் எழுதினார். நாமும் வயிறு குலுங்கச் சிரித்தோம், மறுக்கவில்லை. சிரிப்பு உழைப்பவனுக்கு விரோதி அல்ல.

அந்தக் கதையில் ஓர் உண்மையும் உண்டு. ஒரே வயிற்றில் பிறந்த நாலு பிள்ளைகள். பங்களாவில் வளர்ந்தவன் முதலாளி. சமையல்காரர் வீட்டில் வளர்ந்தவன் சமையல்காரன். அடியாள் கையில் வளர்ந்தவன் கள்ள நோட்டுக்காரன். அநாதை விடுதியில் வளர்ந்தவன் தீயணைப்புப் படைக்காரன். இரத்தம் ஒன்று, வாழ்க்கை நாலு! ஏழையாக இருப்பது தலையெழுத்து என்று சொல்கிறவன் முகத்தில் கரி பூசுகிற கதை இது. ஆனால் முடிவென்ன? நாலு பேரும் ஒரு பணக்காரரின் வாரிசுகள் என்று தெரிந்து எல்லாம் சுபம்! பணக்கார அப்பா இல்லாத நம் பிள்ளைகளுக்கு என்ன வழி? படம் அதைச் சொல்லவில்லை.

போகட்டும். 'ஒரே ஆள் நாலு ஆள் வேலையைச் செய்தார்' என்று விளம்பரக்காரர்கள் முரசு கொட்டுகிறார்களே, அதைப் பார்ப்போம். இரட்டை வேஷம் எடுப்பது எப்படி? காமிராவை அசையாமல் பூட்டி, பாதியை மறைத்துப் படம் பிடிப்பார்கள். பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து, வேஷம் மாற்றிய நடிகரை மறுபடியும் நிறுத்துவார்கள். காமிரா மயிரிழை அசைந்தாலும் வேலை பாழ். முதுகு மட்டும் தெரிய வேண்டிய இடத்தில் அதே சட்டையைப் போட்டு ஒரு 'டூப்' நிற்பார். 1940-ல் 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேஷம் போட்ட காலத்திலிருந்து, ஒருவரைப் பலராகக் காட்ட எத்தனையோ பேர் வியர்வை சிந்தியிருக்கிறார்கள். நடிகரின் திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை. அந்த முதுகுக்காரரின் பெயர் எங்கே என்றுதான் கேட்கிறோம்.

ஆலைத் தோழர்களுக்கு இது நன்றாக விளங்கும். இரண்டு தறி பார்த்தவனை நாலு தறி பார் என்கிறான் முதலாளி. ஓர் ஆள் நாலு ஆள் வேலை செய்தால் சினிமாவில் மாலை, ஆலையில் வேலைப்பளு! மற்றவர்களுக்குக் கேட் மூடல்!

இப்போது காமிராவைப் பூட்ட வேண்டிய அவசியமும் இல்லை. பத்துப் பேரைப் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் பத்தாயிரம் பேராகப் பெருக்கலாம். பூம்பாறையில் பூண்டு வயலில் நிற்கும் தோழரை ஒரு நாள் கூலிக்குக் கூட்டத்தில் நிறுத்தி, அவர் முகத்தைப் பிரதி எடுத்துக்கொண்டால், அடுத்த படத்துக்கு அவரைக் கூப்பிடுவானேன்?

இது வீண் பயம் அல்ல. 2023-ல் அமெரிக்காவில் ஹாலிவுட் நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு நாள் சம்பளத்தில் துணை நடிகர்களின் உருவத்தைப் பிடித்துக் காலமெல்லாம் உபயோகிக்கப் பார்க்கிறார்கள் என்று சங்கம் குற்றம் சாட்டியது, கம்பெனிகள் மறுத்தன. கடைசியில், சம்மதமும் கூலியும் இல்லாமல் உருவப் பிரதியை உபயோகிப்பதற்கு எதிராக ஒப்பந்தத்தில் பாதுகாப்பு வந்தது. சும்மா வரவில்லை, சங்கம் நின்றதால் வந்தது!

தமிழ் சினிமாவுக்கும் சங்கம் புதிதல்ல. 1960-ல் 'பாதை தெரியுது பார்' படத்தை டைரக்ட் செய்த நிமாய் கோஷும், அதற்கு இசையமைத்த எம்.பி. சீனிவாசனும் சினிமாத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவர்கள்.

நாம் கேட்பது இவ்வளவுதான்: டூப்புக்கும் லைட்மேனுக்கும் டைட்டிலில் பெயர் வேண்டும். முகத்தைப் பிரதி எடுத்தால் எழுத்து மூலம் சம்மதம் வேண்டும். பிரதியை உபயோகிக்கும் ஒவ்வொரு தடவையும் கூலி வேண்டும். மலையில் சுமை தூக்குபவருக்கு முழுக்கூலியும் விபத்துக் காப்பும் வேண்டும்.

தோழர்களே! படம் பாருங்கள், சிரியுங்கள். வீடு திரும்பும் வழியில், அந்த முதுகு யாருடையது என்று பக்கத்தில் நடப்பவரைக் கேளுங்கள். அது நம்முடையது!