கையொப்பமிட அஞ்சும் அரசு

இந்தியா வளர்ந்து வரும் வல்லரசு என்பதை இன்று மறுப்பாரில்லை. ஆயினும், அதன் விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமான அணிகள் 42 ஆக இருக்க, 1963 முதல் சேவையிலிருந்த மிக்-21 ரகம் 2025 செப்டெம்பரில் ஓய்வுபெற்றபோது எஞ்சியவை 29 மட்டுமே. பணமும் உண்டு, அறிவாளரும் உண்டு. உரிய காலத்தில் முடிவெடுக்கும் முறைமைதான் இல்லை என்பது நமது துணிபு.

சான்றுகளை நோக்குவோம். 1986 இல் சுவீடனின் போபர்ஸ் நிறுவனத்திடம் 410 பீரங்கிகள் வாங்க ஒப்பந்தமாயிற்று. மறுவருடமே இலஞ்சப் புகார் எழுந்து நாட்டை உலுக்கியது. அரச உத்தியோகத்தர் மீதான இலஞ்சக் குற்றச்சாட்டுக்களை 2004 இல் டில்லி மேல்நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆனால் தண்டனையை அனுபவித்தவன் படைவீரன்! அந்நிய நாட்டிலிருந்து புதிய பெரும் பீரங்கிகள் வாங்கும் அடுத்த ஒப்பந்தம் 2016 இலேயே கைச்சாத்தாயிற்று. 1999 இல் கார்கில் மலைகளில் கைகொடுத்தவை, பழிசுமந்த அதே போபர்ஸ் பீரங்கிகள்தாம்.

விமானங்களின் கதையும் வேறன்று. 126 விமானங்களுக்கு 2007 இல் கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. 2012 இல் பிரான்சின் ரபேல் தெரிவாயிற்று. 2015 இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. 2016 இல் 36 விமானங்களுக்கே உடன்படிக்கையாயிற்று. 1983 இல் அங்கீகரிக்கப்பட்ட உள்நாட்டுத் தேஜஸ் விமானத்தின் முதல் அணி அமைந்ததும் 2016 இலேதான். முப்படைகளின் திட்டங்களையும் ஒன்றிணைக்கும் தலைமைத் தளபதி வேண்டுமென மந்திரிமார் குழு 2001 இல் விதந்துரைத்தது. அப்பதவி உருவானது 2019 இன் முடிவில்!

செய்த குற்றத்தைப் போலவே, செய்யவேண்டியதைச் செய்யாத குற்றத்தையும் சட்டம் அறியும். அரசாங்கக் காரியாலயமோ இதனை அறியாது. கையொப்பமிட்டவர் விசாரணைக்கு அஞ்சவேண்டும். கோவையைத் திருப்பியனுப்பியவரை எவரும் கேளார். இந்நிலையில் எந்த உத்தியோகத்தர் துணிவார்? மாரி கழிந்தபின் ஏர் தேடும் கமக்காரனை ஊர் நகைக்கும். அதனையே ஓர் அரசு செய்யின் அதற்குப் பெயர் எச்சரிக்கையாம்!

இலஞ்சத்தைப் பொறுத்துக்கொள்ளுமாறு நாம் கூறவில்லை. மக்களின் பணத்துக்குக் கணக்குக் கேட்பது பாராளுமன்றத்தின் கடமை. குற்றவாளியைத் தண்டிக்கட்டும்; கொள்வனவைத் தண்டியாதிருக்கட்டும். ஒவ்வொரு முடிவுக்கும் தவணை குறிக்கட்டும். தவணை கடப்பின், தாமதித்தவரும் விளக்கமளிக்கட்டும். கோவைகள் மேசைக்கு மேசை நகர்ந்து முடியும்வரை எந்த எதிரியும் எல்லையிற் காத்திருப்பதில்லை.