ஆலை முதலாளிக்கும் ஆசிரியருக்கும் ஒரே விகிதமா?

"வருமான வரியில் படிகள் எதற்கு? எல்லார்க்கும் ஒரே விகிதம் விதித்தால் என்ன?" என்று கேட்கும் குரல் நம் நாட்டிலும் அவ்வப்போது எழுகிறது. செவிக்கு இனிய வாதம் அது. சமத்துவம் பேசும் இயக்கத்தார் நாம். 'சமம்' என்னும் சொல்லைக் காட்டியே நம் வாயை அடைக்க முனைகின்றனர். வாய் மூடுமுன் கணக்கைப் பார்ப்போம்.

ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் ஈட்டும் ஆசிரியர் ஒருவர். 5 கோடி ஈட்டும் ஆலை முதலாளி ஒருவர். இருவரிடமும் நூற்றுக்கு 13 கேட்கிறது அரசு என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் தருவது 65 ஆயிரம். முதலாளி தருவது 65 இலட்சம். "நூறு மடங்கு தருகிறாரே!" என்பர். தருகிறார், மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியர் தந்தது மகளின் கல்லூரிக் கட்டணம். முதலாளி தந்ததோ, அவர் உண்ணும் சோற்றில் ஒரு கவளத்தையும் குறைக்காத தொகை. எடுக்கும் விகிதம் ஒன்று. இழக்கும் வாழ்வு ஒன்றா?

ஏட்டுக் கணக்கு வேண்டா, நாட்டுக் கணக்கு காட்டுக என்பார்க்கு ரஷ்யாவைக் காட்டுவோம். அங்கே 12, 20, 30 என மூன்று படிகள் இருந்தன. 2001இல் அவற்றை அகற்றி, எல்லார்க்கும் நூற்றுக்கு 13 என்றனர். மேல்படியில் இருந்தோர்க்கு 30, 13 ஆயிற்று. அடிப்படியில் இருந்தோர்க்கு 12, 13 ஆயிற்று! ஓய்வூதிய நிதிக்கு ஊழியர் செலுத்திய நூற்றுக்கு 1 நீக்கப்பட்டதால் அந்தச் சுமை ஏறவில்லை, இறங்கவும் இல்லை. சீமானுக்குப் பாதிக்கு மேல் தள்ளுபடி. உழைப்பாளிக்குப் பழைய பாரமே!

"ஆயினும் வரி வருவாய் பெருகியதே!" என்பர். பெருகியது. எண்ணெய் விலையும் பொருளாதாரமும் எழுந்த காலம் அது. சர்வதேச நிதியத்தின் ஆய்வாளர்கள் 2005இல் ஆராய்ந்து, வரி செலுத்தும் ஒழுங்கு கூடியது உண்மை, ஆனால் விகிதக் குறைப்பு காரணமா, நிர்வாகக் கண்டிப்பு காரணமா என்பது தெளிவாகவில்லை என்றனர். பின்னர் நடந்தது என்ன? 2021இல் 50 இலட்சம் ரூபிளுக்கு மேற்பட்ட வருமானத்திற்கு நூற்றுக்கு 15 வந்தது. 2025இல் 13 முதல் 22 வரை ஐந்து படிகள் வந்தன. இடித்த படிக்கட்டை அவர்களே மீண்டும் கட்டினர்!

சுலோவாக்கியாவின் கதை இன்னும் கூர்மையானது. 2004இல் வருமானத்திற்கும் நிறுவன இலாபத்திற்கும் கடைப் பொருளுக்கும் ஒரே 19 என்றனர். அதுவரை பொருள் வரியில் பொது விகிதம் 20. உணவு முதலியவற்றுக்குச் சலுகை விகிதம் 14. அச்சலுகை பறிபோயிற்று. மேலே குறைத்ததைக் கீழே ரொட்டியில் வசூலித்தனர் என்பதன்றி இதற்கு வேறு பெயர் உண்டோ? 2013இல் அந்நாடும் உயர் வருமானத்திற்கு 25 என்னும் மேல்படியை அமைத்தது. பல்கேரியாவும் ஹங்கேரியும் இன்னும் ஒரே விகிதத்தில் நிற்கின்றன. ஆயினும் சென்றோர் பலர் திரும்பிவிட்டனர் என்பதே வரலாறு.

"எளிமைக்காகவே கேட்கிறோம்" என்பது அவர்தம் கடைசி அம்பு. வரிச் சட்டம் சிக்கலானது படிகளாலா? படிக் கணக்கைப் பள்ளிச் சிறுவனும் போடுவான். சிக்கல், விலக்குகளில் இருக்கிறது. எது வருமானம், எது செலவு என்னும் வாதத்தில் இருக்கிறது. கணக்கர் படையை அமர்த்த வல்லார்க்கே புலப்படும் சந்துகளில் இருக்கிறது. சந்துகளை அடைக்காமல் படிகளை இடிப்பது எளிமையாகாது.

படிகள் எவ்வளவு செங்குத்தாயினும் நன்றே என்று நாம் கூறவில்லை. இந்தியாவில் 1973-74இல் உச்ச விகிதம் மேல்வரியுடன் 97.75ஐத் தொட்டது. அத்தகைய விகிதம் ஏய்ப்பைத் தூண்டும் என்று வாஞ்சு குழு 1971இலேயே எச்சரித்திருந்தது. ஏற முடியாத படியைத் திருத்தலாம். படிக்கட்டையே தகர்ப்பது திருத்தமன்று.

தோழர்களே! படிப்பகத்திலும் தெருமுனையிலும் இவ்வாதம் உங்கள் முன் வரும். அப்போது ஒரே ஒரு வினா எழுப்புங்கள்: "மேலே விட்டுக்கொடுக்கும் தொகையை எவரிடம் வாங்கப் போகிறீர்?" விடை வரும்வரை விடாதீர்கள். ஏனெனில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் வேண்டும். செல்வர் தராததை, உப்பும் எண்ணெயும் வாங்குவோரே தந்தாக வேண்டும்.