ஒரு சினையாகுபெயரும் சூடான பெட்டியும்

கணிப்பொறியின் பெட்டி முழுவதையும் 'சிபியூ' என்று சொல்வது நம்மூர் வழக்கம். உறுப்பின் பெயர் முழுப்பொருளுக்கு ஆகிவருவதால் சினையாகுபெயருக்கு எடுத்துக்காட்டாக இதை வகுப்பில் சொல்வதுண்டு. வெற்றிலை நட்டதைவிட இது மாணவர்களுக்கு எளிதில் பிடிபடுகிறது. இதே ஆகுபெயரால் எனக்கு 24,000 ரூபாய் வீணாகப் போயிருக்கும் என்பது சென்ற கோடையில்தான் தெரிந்தது.

மகன் விளையாடுவதற்காக வாங்கிய கணிப்பொறி அது. உள்ளே ரைசன் 5 3600 ப்ராசசர். (செயலி என்ற நல்ல சொல்லைக் கைபேசி ஆப்களுக்கும் தாரைவார்த்துவிட்டோம், ஆகவே ப்ராசசர் என்றே எழுதுகிறேன்.) சித்திரை வெயில் ஏறியதும் விளையாட்டுகள் திணறத் தொடங்கின. விசிறி இரைந்தது. ஒருநாள் மாலை பெட்டி தானாகவே அணைந்தது. கடையில் போய், "சிபியூ ரொம்பச் சூடாகுது" என்றேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அப்ப சிபியூ போயிடுச்சு சார், போர்டோட மாத்திடலாம்" என்றார். நான் சொன்னது பெட்டியை; அவர் மாற்றச் சொன்னது ப்ராசசரை.

அவரை மட்டும் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. "ராப்பகலாக விளையாடினால் சூடாகாமல் என்ன செய்யும்?" என்று மகனிடம் நான் முன்பே தீர்ப்பு வழங்கியிருந்தேன். அவருக்கு விற்பனைக்கு உதவும் காரணம் கிடைத்தது, எனக்குக் கண்டிப்புக்கு உதவும் காரணம். திருக்குறளின் மருந்து அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்துகிறவன் நான். நோய்க்குரிய காரணத்தை முதலில் தேடவேண்டும் என்பதை மணிக்கணக்கில் விளக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, கையில் கிடைத்த முதல் காரணத்தைப் பற்றிக்கொள்கிறேன்.

மகன் வாதாடவில்லை. வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை நிறுவி, "கொஞ்சம் பாருங்கப்பா" என்று அருகில் உட்காரவைத்தான். சும்மா இருக்கும்போது 61 டிகிரி. விளையாட்டைத் திறந்த சில நொடிகளில் 95. அந்த ப்ராசசருக்கு விதித்த உச்சவரம்பும் 95தான். அதைத் தொட்டதும் வேகம் கீழே இறங்கியது. நான் அதை நோயின் அறிகுறி என்றேன். அவனோ, அது உயிரோடு இருப்பதற்கான சான்று என்றான். சூட்டை அளந்து, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கத் தெரிந்த ப்ராசசரைப் 'போய்விட்டது' என்று எப்படிச் சொல்வது?

இது எல்லாக் காலத்திலும் இருந்த ஏற்பாடு அன்று. 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் தளம் செய்துகாட்டிய சோதனை பலருக்கு நினைவிருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசசரின் மீதிருந்து குளிர்விப்பானைக் கழற்றினார்கள். அத்லான் கருகிப்போனது, பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடியது. எண்ணை மட்டும் பார்த்தும் மிரளக்கூடாது. 2022இல் வந்த ரைசன் 7000 வரிசையில் கடும் வேலையின்போது 95 டிகிரியைத் தொடுவது வடிவமைப்பிலேயே உள்ளதுதான் என்று ஏ.எம்.டி. நிறுவனமே சொல்லியிருக்கிறது.

எண்ணைவிட முக்கியமானது, அந்த எண் எவ்வளவு நேரத்தில் ஏறியது என்பது. நான் அன்று கற்ற பாடம் இதுவே. பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லாவிட்டாலோ, தூசி அடைத்திருந்தாலோ சூடு படிப்படியாக, கால்மணி அரைமணி நேரத்தில் ஏறும். உலோகம் முழுவதும் காய்ந்து, உள்ளிருக்கும் காற்றும் காயவேண்டும் அல்லவா? நொடிகளில் உச்சத்துக்குத் தாவினால், ப்ராசசரில் பிறக்கும் வெப்பம் மேலே உள்ள உலோகத்துக்குப் போய்ச் சேரவே இல்லை என்று ஐயப்படலாம். மகன் பக்கப் பலகையைக் கழற்றி, குளிர்விப்பானின் அலுமினிய இதழ்களின் ஓரத்தை விரலால் தொடச்சொன்னான். விசிறியில் விரல் படாமல் தொட்டேன். திரை 95 என்கிறது, கையில் இளஞ்சூடுதான்.

முதலில் பெட்டியின் இடத்தை மட்டும் மாற்றினோம். அதன் வண்ண விளக்குகள் விருந்தினர் கண்ணில் படக்கூடாது என்று, கதவு வைத்த மர அலமாரிக்குள் அதை அடைத்துவைத்தவன் நான். வெளியே எடுத்ததும் சும்மா இருக்கும்போது காட்டிய 61, 55 ஆனது. விளையாட்டில் மாற்றமில்லை. அடுத்து, விசிறி இறக்கைகள் சுழலாதபடி பிடித்துக்கொண்டு தூசியை ஊதினோம். மேலும் இரண்டு டிகிரி. மூன்றாவதாகத்தான் குளிர்விப்பானைக் கழற்றினோம். அதற்குமுன் பத்து நிமிடம் ஓடவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்து, சூடு ஆறுவதற்குள் திருகுகளைத் தளர்த்தி, இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்கவேண்டும். காய்ந்த களிம்போடு வெடுக்கென்று இழுத்தால் இவ்வகை ப்ராசசர் தன் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊசிக்கால்களோடு பிடுங்கிக்கொண்டு வரும். ஒரு கால் வளைந்தாலும் வம்புதான்.

உள்ளே தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாய் உதிர்ந்தது. அதில் ஒன்றன்மேல் ஒன்றாக, சற்று விலகி, இரண்டு வட்டத் தடங்கள். முந்தின ஆண்டு 'சர்வீஸ்' என்று கொடுத்தபோது யாரோ கழற்றிவிட்டுப் பழைய களிம்பின்மேலேயே மறுபடி வைத்து அழுத்தியிருக்கவேண்டும். கண்ணாடிபோல் தெரியும் உலோகப் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்களில் காற்று தங்கினால் வெப்பம் கடக்காது. அதை வெளியேற்றத்தான் களிம்பு. மிகுதியாக அப்பினாலும் கேடுதான். களிம்பு காற்றைவிட நன்றாகக் கடத்துமே தவிர, உலோகத்துக்கு ஈடாகாது. பழையதைத் துடைத்து, பட்டாணி அளவு புதியதை வைத்து, நான்கு திருகுகளையும் குறுக்கு மூலைகளாகச் சிறிது சிறிதாக முறுக்கினோம். களிம்பின் விலை 400 ரூபாய். சும்மா இருக்கும்போது 43. ஒரு மணி நேர விளையாட்டுக்குப் பின் 76.

வாட்டர் கூலிங் போடச்சொன்ன நண்பரும் இருந்தார். போட்டிருந்தால் சூடு தணிந்திருக்கும். பழைய களிம்பைத் துடைத்துவிட்டுத்தானே அதையும் பொருத்துவார்கள்! பழுது எங்கே இருந்தது என்பது மட்டும் எங்களுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. மூன்றையும் ஒரே நாளில் சேர்த்துச் செய்திருந்தாலும் அப்படித்தான். ஒவ்வொன்றாகச் செய்து, இடையிடையே அளந்ததால்தான் அலமாரியின் பங்கு ஆறு டிகிரி என்பதை நான் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அலமாரிக் கதவைக் கழற்றியாயிற்று. பெட்டி இப்போது கூடத்திலேயே இருக்கிறது. வருகிறவர்கள் அந்த ஊதா விளக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். அதற்கு மட்டும் இன்னும் என்னிடம் காரணம் இல்லை.