இரும்பு குறைந்தால் ஈயம் ஏறும்

இடப்பள்ளியில் நாங்கள் குடியிருக்கும் தெருவிலிருந்து ஏலூர் அதிக தூரமில்லை. 2024 மே மாதம் பெரியாற்றில் மீன்கள் செத்து மிதந்தபோது நம்மவர் வீடுகளில் ஒரு வாரம் இதே பேச்சு, பிறகு மறந்துவிட்டோம். மீன் மிதந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆற்றின் சேற்றில் தங்கிவிட்ட காட்மியம் தெரியாது. துத்தநாகத் தாதுவோடு காட்மியமும் சிறிதளவு சேர்ந்தே வரும். எடயாற்றில் இருந்த துத்தநாக ஆலை 2014-இல் நின்றுவிட்டது. சேற்றில் படிந்தது நிற்கவில்லை.

நான் டாக்டர் அல்ல, டிப்ளமோ படித்த ரயில்வேக்காரன். ஆனால் ஈயத்தோடு பழகியவன். அந்நாளில் இரும்புப் பாலங்களுக்குத் துருப்பிடிக்காமலிருக்க முதல் பூச்சு 'ரெட் லெட்', அதாவது ஈயச் செந்தூரம். பூசும் ஆட்கள் மதியம் கையை வேட்டியில் துடைத்துவிட்டுச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். பாலத்தின் ஒவ்வொரு ரிவெட்டையும் தட்டிப் பார்த்த நான், ஒருநாளும் சோப்பு வாங்கிக் கொடுக்கவில்லை. இன்றும் உறுத்துகிறது.

ஓய்வு பெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது. நம் குடலில் இரும்புச் சத்தை உள்ளே ஏற்றும் வாசல் ஒன்று உண்டு. உடம்பில் இரும்பு குறைந்தால் குடல் அந்த வாசல்களைக் கூட்டுகிறது. அங்கே டிக்கெட் பரிசோதனை சரியில்லை. ஈயமும் காட்மியமும் அதே வழியில் ஏறிவிடுகின்றன. சுண்ணாம்புச் சத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். காட்மியத்தின் அயனி கால்சியத்தின் அயனி அளவுதான், ஒரே 'கேஜ்' என்று வையுங்கள். பெரியவர்கள் உடம்பிலுள்ள ஈயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் எலும்பில் போய் உட்கார்ந்து, பல்லாண்டு தங்கும். பெண் கருவுறும்போது எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வரும்; கூடவே அந்தப் பழைய ஈயமும் குழந்தையிடம் போகும்.

ஜப்பானில் ஜின்சூ ஆற்றங்கரையில் நடந்ததைப் பாருங்கள். சுரங்கக் கழிவின் காட்மியம் வயல் வழியே அரிசியில் ஏறியது. 1968-இல் அந்நாட்டு அரசே அதை ஆலைக் கழிவால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. எலும்பு நொறுங்கி, 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று அலறியதே நோயின் பெயராயிற்று: இத்தாய் இத்தாய். அதே சோற்றை ஆண்களும் தின்றார்கள். ஆனால் படுக்கையில் விழுந்தவர்கள் பெரும்பாலும் பல பிள்ளை பெற்று, சத்துக் குறைந்து போன நடுவயது தாண்டிய பெண்கள்.

நம் நாட்டில் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. என் மருமகளும் அந்தக் கணக்கில் ஒருத்தி. நான்காம் மாதத்தில் ஹீமோகுளோபின் 8.4. டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தாள்! காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடா. கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடக்கூடாது. எலுமிச்சைச் சாறு நல்லது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள் எல்லாம் என் மனைவி பொறுப்பு. இப்போது 11-ஐத் தொட்டிருக்கிறது. அதற்காக டாக்டரைக் கேட்காமல் மாத்திரைகளை அள்ளிப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். மிஞ்சிய இரும்பும் கெடுதிதான்.

இடையில் ஒன்று. ரசம் வைக்கும் ஈயச் சொம்பைக் கண்டு பயப்பட வேண்டாம், அது வெள்ளீயம். காரீயம் கலந்திருந்தால்தான் ஆபத்து, புளி அதைக் கரைத்துவிடும். சொம்பின் எடையை அது மூழ்கி விலக்கும் நீரின் எடையால் வகுத்தால் 7.3 வரவேண்டும். காரீயத்துக்கு 11.3. ஆனால் சிறு கலப்படம் இந்தக் கணக்கில் அகப்படாது. தெரிந்த கடையில் வாங்குவதே மேல்.

கீரை தின்றால் போதும், ஆலைகள் எதை வேண்டுமானாலும் ஆற்றில் விடட்டும் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நஞ்சைத் தடுக்க வேண்டியது ஆலையும் அரசும். அது நடக்கும்வரை நம் வீட்டுப் பெண்கள் வாசலைத் திறந்துபோட்டுக் காத்திருக்க வேண்டுமா?

நம் சங்கத்தில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இரத்தச் சோதனை முகாம் ஒன்று நடத்தலாம். அடுத்த செயற்குழுவில் கேட்கப்போகிறேன். ஆண்டுவிழா மேடை அலங்காரத்தைவிடச் செலவு குறைவாகத்தான் இருக்கும்; செயலாளர் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.